முகமும் காமிராவும்



கண்ணால் காண வேண்டிய திரைப்படத்தைப் பற்றிக் காதால் மட்டுமே கேட்கும் வானொலியில் பேசப் புகுவது பொருத்தமா என்று சிலர் ஐயுறலாம். தமிழர்களாகிய நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. 'ஒலிச்சித்திரம்' என்னும் பெயரில் முழுத் திரைப்படத்தின் வசனத்தையும் பாட்டையும் வானொலியில் கேட்டு மகிழ்ந்தவர்கள் நம்மில் பலர். வீட்டுக் கூடத்தில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து, படம் பார்க்காமலேயே கதையைத் தொடர்ந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, அழ வேண்டிய இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்மணிகளை நாமே நம் சிறு வயதில் பார்த்திருக்கிறோம். காதால் கேட்டே ஒரு படத்தை ஏறக்குறைய முழுமையாக அனுபவிக்க முடிந்தது என்றால், அந்தப் படங்கள் எவ்வளவு தூரம் வசனத்தை நம்பி நின்றன என்பது விளங்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1952-ஆம் ஆண்டு வெளிவந்த 'பராசக்தி'யின் வசனத்தை மனப்பாடமாகச் சொன்னவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். தமிழைப் பிழையின்றி உச்சரிக்கக் கற்றுக் கொடுத்த பள்ளிக்கூடங்களில் திரையரங்கும் ஒன்று எனலாம். ஆனால் இந்தப் பழக்கத்தினால் நம்மிடம் ஓர் எண்ணம் ஊறிவிட்டது. ஒருவருடைய குணம் அவருடைய பேச்சில்தான் இருக்கிறது, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும் என்பதே அந்த எண்ணம். நாமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். நம்முடைய தொழிலும் அதற்குத் துணை செய்தது.

நாம் தில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர்களுள் ஒருவர். அறிக்கைகளையும் விளம்பரங்களையும் பிற மொழியிலிருந்து தமிழாக்குவது நம் அன்றாடப் பணி. சொல்லைத் தராசில் வைத்து நிறுப்பவனுக்குச் சொல்லுக்கு வெளியே உள்ளது எளிதில் கண்ணில் படாது. வேற்று மொழிப் படம் பார்க்கும்போதும் திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளிலேயே நம் கண் நிற்கும். 'இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல சொல் உண்டே' என்று மனத்துக்குள் திருத்திக்கொண்டே இருப்போம். படம் முடிந்ததும் கதை தெரிந்திருக்கும். ஆனால் முகங்கள் நினைவில் இரா.

ஒருமுறை, உடன் பணிபுரிந்த வங்காள அன்பர் ஒருவர் நம்மைச் சத்யஜித் ராயின் 'சாருலதா' என்னும் படத்துக்கு அழைத்துச் சென்றார். படம் முடிந்து தேநீர் அருந்தும்போது, "சாரு முதலில் என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. அந்தப் பகுதியில் வசனம் இல்லாததால் அடியில் வரியும் இல்லை. வரி இல்லாததால் நாம் கவனிக்கவும் இல்லை! பிறகு அதே படத்தை மீண்டும் பார்த்தோம், இம்முறை அடியில் ஓடிய வரிகளைப் படிப்பதில்லை என்ற உறுதியுடன். காமிராவும் நடிப்பும் சேர்ந்து ஒரு மனிதரின் உள்ளத்தை எவ்வாறு காட்டுகின்றன என்பதை நமக்குக் கற்பித்தது அந்த இரண்டாம் முறைதான்.

'சாருலதா' 1964-ஆம் ஆண்டு வெளிவந்தது. இரவீந்திரநாத தாகூரின் 'நஷ்டநீட்' என்னும் குறுநாவலைத் தழுவியது. அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 1965-ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த டைரக்டருக்கான வெள்ளிக் கரடிப் பரிசை ராய்க்குப் பெற்றுத் தந்ததும் அதுவே. கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கல்கத்தாவில் ஒரு செல்வந்தர் வீட்டில் நிகழ்வது. வீட்டுத் தலைவர் பூபதி ஆங்கிலத்தில் அரசியல் பத்திரிகை நடத்துபவர். நல்லவர், நேர்மையானவர், மனைவியிடம் அன்புள்ளவர். அவர் மனைவி சாரு. அவளாக நடித்தவர் மாதவி முகர்ஜி. காமிராவைக் கையாண்டவர் சுப்ரத மித்ரா.

தொடக்கக் காட்சியைக் கவனிப்போம். சாரு ஒரு கைக்குட்டையில் ஓர் ஆங்கில எழுத்தைப் பூவேலையாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அது கணவர் பெயரின் முதல் எழுத்து. கடிகாரம் நான்கு அடிக்கிறது. கணவருக்குத் தேநீர் அனுப்பும்படி வேலைக்காரனிடம் சொல்லுகிறாள். பிறகு புத்தக அலமாரிக்குச் செல்கிறாள். பங்கிம் சந்திரரின் நூலைத் தேடி எடுக்கிறாள். வெளியே ஏதோ ஓசை. நாடக அரங்குகளில் பயன்படுத்தும் கைப்பிடி வைத்த சிறு தூரக்கண்ணாடியை எடுத்து வந்து, சாளரத்தின் பலகைச் சட்டங்களைச் சற்றே விலக்கித் தெருவைப் பார்க்கிறாள். குரங்காட்டி போகிறான்; பல்லக்குத் தூக்கிகள் போகிறார்கள்; குடை பிடித்த பருத்த மனிதர் ஒருவர் போகிறார். அவர் மறைந்துவிடாதபடி ஒரு சாளரத்திலிருந்து மற்றொரு சாளரத்துக்கு ஓடி ஓடிப் பார்க்கிறாள்.

ஏறக்குறைய ஏழெட்டு நிமிடங்களுக்கு இதுவே நிகழ்ச்சி. 'எனக்குப் பொழுது போகவில்லை' என்று அவள் சொல்லுவதில்லை; தோழி ஒருத்தி வந்து, 'என்னடி, தனியாக இருக்கிறாயே' என்று கேட்பதும் இல்லை. ஆயினும் அவள் தனிமையை நாம் அறிந்துவிடுகிறோம். தனிமையை மட்டுமா? அவள் அறிவு, அவள் குறும்பு, சிறு பெண்ணுக்குரிய ஆவல் யாவும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. சோம்பிக் கிடக்கும் தனிமை அன்று அது. செயலுக்கு ஏங்கும் தனிமை. இந்த வேறுபாட்டை உணர்த்துவது மாதவி முகர்ஜியின் நடை. ஒவ்வோர் அறையாக அவர் செல்லும்போது கால்களில் ஒரு விரைவு இருக்கிறது. ஆனால் சென்று சேர வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை.

இனித்தான் முக்கியமான கட்டம் வருகிறது. பூபதி ஏதோ ஒரு புத்தகத்துக்காக உள்ளே வருகிறார். எடுத்துக்கொண்டு, படித்தபடியே தாழ்வாரத்தில் திரும்பிச் செல்கிறார். மனைவி அங்கே நின்றுகொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை. கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை; கண் புத்தகத்தில் இருக்கிறது, அவ்வளவே. சாரு அவரைப் பார்க்கிறாள். பிறகு கையிலுள்ள தூரக்கண்ணாடியை உயர்த்தி, தெருவில் போன அயலாரைப் பார்த்தது போலவே தன் கணவரையும் அதன் வழியே பார்க்கிறாள்! கண்ணாடியில் அவர் மிக அருகில் தெரிகிறார். அவர் போய் மறைந்ததும் அவள் கை தாழ்கிறது. அந்தக் கணத்தில் காமிராவின் பார்வை சட்டென்று பின்வாங்குகிறது. அவள் உருவம் சிறுத்து, அவளைச் சூழ்ந்துள்ள பெரிய வீடு கண்ணில் படுகிறது.

இதை இரு பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் கலையின் இயல்பு புலப்படும். நடிகை செய்தது கையை உயர்த்தித் தாழ்த்தியது மட்டுமே. முகத்தில் கண்ணீர் இல்லை, பெருமூச்சும் இல்லை. இன்னும் சொல்லப்போனால் சிறு விளையாட்டுக் குறிப்புத்தான் இருக்கிறது. காமிரா செய்தது பின்வாங்கியது மட்டுமே. இவற்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் பொருள் இவ்வளவு தெளிவாக வந்திராது. அவள் அழுதிருந்தால் நாம் இரக்கப்பட்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்போம். அவள் அழாததனால், அவள் நிலையை அவளுக்கு முன்னால் நாம் உணர்ந்துவிடுகிறோம். ஒரு பாத்திரம் தன்னைப் பற்றித் தானே இன்னும் அறியாத ஒன்றை நமக்கு அறிவிப்பது வசனத்தால் எளிதில் ஆகக்கூடியதன்று.

அதே படத்தில் ஊஞ்சல் காட்சி ஒன்று உண்டு. பூபதியின் உறவினனான அமல் என்னும் இளைஞன் வீட்டுக்கு வந்திருக்கிறான். அவனாக நடிப்பவர் சௌமித்ர சாட்டர்ஜி. தோட்டத்தில் பாயில் படுத்து அவன் எழுதிக்கொண்டிருக்கிறான். சாரு ஊஞ்சலில் ஆடுகிறாள். காமிராவும் அவளோடு சேர்ந்தே ஆடுவதால் அவள் முகம் திரையில் நிலையாக நிற்க, பின்னால் உள்ள மரமும் வானமும் முன்னும் பின்னும் அசைகின்றன. உலகம் ஆடுகிறது, அவள் முகம் மட்டும் அசையவில்லை. பின்னர் அவள் அதே தூரக்கண்ணாடியை எடுக்கிறாள். அண்டை வீட்டுத் தாயையும் குழந்தையையும் பார்க்கிறாள். பிறகு மெல்லத் திருப்பி அமலைப் பார்க்கிறாள். கண்ணாடியை இறக்கியபின் அவள் முகத்தில் தோன்றும் மாற்றத்தை வருணிக்க முயன்றால் நாம் தோற்றுப்போவோம். தன் மனம் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று மட்டும் சொல்லலாம். முன்பு நாம் அறிந்து அவள் அறியாமல் இருந்தாள்; இப்போது அவளும் அறிந்துகொண்டாள். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க டைரக்டர் பயன்படுத்திய கருவி ஒரே ஒரு தூரக்கண்ணாடிதான்.

முகத்தின் நுட்பமான மாற்றம் திரையில் தெரிய வேண்டுமானால் முகத்தின் மேல் விழும் ஒளியும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதில் சுப்ரத மித்ராவின் பணி பெரிது. 1955-இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'யைப் படம்பிடிக்கத் தொடங்கியபோது அவர் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர். அதற்கு முன் திரைப்படக் காமிராவை இயக்கிய அனுபவம் அவருக்கு இல்லை. அடுத்த படமாகிய 'அபராஜிதோ'வில் காசி நகரத்து வீடு ஒன்றின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் அமைத்தார்கள். மேலே வானத்திலிருந்து முற்றத்தில் இறங்கும் மெல்லிய பகல் ஒளியை எப்படி உண்டாக்குவது? மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார்; கீழிருந்து விளக்குகளின் ஒளியை அத்துணியின்மேல் பாய்ச்சித் திருப்பிவிட்டார். விளக்கின் கடுமை குறைந்து, நிழல்கள் கரைந்து, உண்மையான முற்றத்து ஒளி முகங்களின்மேல் படிந்தது. பல விளக்குகளை நேரே முகத்தில் பாய்ச்சினால் நடிகர் அழகாகத் தெரியலாம். ஆனால் இமையோரத்துச் சிறு சலனம் அந்தப் பளபளப்பில் மறைந்துபோகும். மித்ராவின் வெள்ளைத் துணி அதை மறையாமல் காத்தது.

முகத்தைக் காட்டுவது போலவே மறைப்பதும் ஓர் உத்திதான். 1957-இல் குருதத் எடுத்த 'பியாசா'வை ஹிந்தி வழங்கும் பகுதிகளில் வாழும் நேயர்கள் பார்த்திருக்கக்கூடும். இறந்துவிட்டதாகக் கருதப்படும் கவிஞனுக்கு ஒரு மண்டபத்தில் நினைவு விழா நடக்கிறது. வாழ்ந்தபோது அவனைப் புறக்கணித்தவர்களே மேடையில் அமர்ந்து புகழ்கிறார்கள். மண்டபத்தின் பின்வாசலில் அவனே வந்து நிற்கிறான். ஒளி அவனுக்குப் பின்னாலிருந்து வருகிறது. விரித்த கைகளோடு கரிய நிழலுருவாக மட்டுமே அவன் தெரிகிறான். காமிராவை இயக்கிய வி. கே. மூர்த்தி அங்கே முகத்தை நமக்குக் காட்டவில்லை. அவனை மனிதனாகப் பாராமல் பெயராக மட்டும் பார்த்த கூட்டத்துக்கு முன்னால் அவன் முகமற்றவனாக நிற்பது எவ்வளவு பொருத்தம்!

குரலை மறைத்த இடமும் உண்டு. 'பதேர் பாஞ்சாலி'யில் ஊரைவிட்டுச் சென்றிருந்த தந்தை ஹரிஹர் நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறார். மகள் துர்க்கை இறந்துபோன செய்தி அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். மகளுக்கென்று வாங்கிய சேலையை நீட்டியதும் தாய் சர்வஜயா உடைந்து அழுகிறாள். கருணா பானர்ஜியின் வாய் திறந்திருக்கிறது. ஆனால் அழுகைக் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக தார் ஷெனாய் என்னும் நரம்புக் கருவியின் ஓசை ஒலிக்கிறது. அதுவரை துயரத்தைப் பல்லைக் கடித்து அடக்கிவந்த தாயின் இயல்பு அந்த ஒரு நொடியில் முழுமையாகத் தெரிகிறது. சொல்லில் அவள் எதையும் சொல்லவில்லை.

'இவையெல்லாம் வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் உரியவை. தமிழுக்கு இவை அந்நியம்' என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. மெய்ப்பாட்டுக்கென்றே தனி இயல் வகுத்தது தொல்காப்பியம். திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். அரசவைக்கும் வேண்டும், அன்பர்க்கும் வேண்டும் என்று கருதினார் போலும். வசனத்துக்குப் பெயர்போன நம் திரையிலும் அத்தகைய காட்சிகள் உண்டு.

1968-இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த 'தில்லானா மோகனாம்பா'ளை நினைவுகூருங்கள். கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையைத் தழுவிய படம் அது. காயமுற்றுத் தேறிய நாதசுர வித்துவான் சண்முகசுந்தரம் மீண்டும் சபையில் வாசிக்கிறார். மோகனா ஆடுகிறாள். அவர் நலத்தை அறிய அவள் துடிக்கிறாள். ஆனால் ஊரே கூடியிருக்கும் அவையில் நேரே எப்படிக் கேட்பது? ஆட்டத்தின் வழியே கேட்கிறாள். அவரோ விடை சொல்ல இயலாத நிலையில் இருக்கிறார், வாயில் நாதசுரம்! தமிழ்த் திரையில் வசனத்தின் பேரரசராக விளங்கிய சிவாஜி கணேசனுக்கு அங்கே சொல் இல்லை. காமிரா பத்மினியின் விழிகளுக்கும் அவர் விழிகளுக்கும் இடையே மாறி மாறிச் செல்கிறது. முன்கோபமும் தன்மானமும் மிக்க அந்த வித்துவானுக்குள் எவ்வளவு மென்மை இருக்கிறது என்பதை அந்தக் கண்கள் சொல்லிவிடுகின்றன.

இவ்வளவையும் நூலறிவாக நாம் கற்றுக்கொண்டிருந்தோமே தவிர, இதன் முழுப் பொருளை நமக்கு உணர்த்தியவர் நம் அன்னையார்.

தந்தையார் மறைந்தபின் அன்னையாரை ஊரிலிருந்து தில்லிக்கு அழைத்துவந்தோம். மூன்றாம் மாடியில் அரசுக் குடியிருப்பு. அந்தக் கட்டடத்தில் அப்போது வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பையன் பள்ளிக்குப் போய்விடுவான். அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. 'சௌகரியமாக இருக்கிறதா அம்மா?' என்று கேட்போம். 'எனக்கென்ன குறை?' என்பார். சொல்லை நம்பும் தொழிலாளி அல்லவா நாம்! அந்த விடையை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

ஒரு விடுமுறை நாளில் வீட்டில் 'சாருலதா'வை மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வந்து அருகில் அமர்ந்தார். அவருக்கு வங்காளமும் தெரியாது. அடியில் ஓடும் ஆங்கில வரியும் தெரியாது. கதையை எடுத்துச் சொல்லலாமா என்று வாயெடுத்தோம். "வேண்டாம், புரியறது" என்றார். சாரு சாளரம் சாளரமாக ஓடியபோது அம்மாவின் உதட்டில் மெல்லிய புன்னகை தோன்றியது. பூபதி படித்தபடியே கடந்து போனார். சிறிது நேரம் கழித்து அம்மா சொன்னார்: "நல்ல மனுஷன்தான். ஆனா தலை நிமிர்ந்து பார்க்கலையே!"

இரண்டு பல்கலைக்கழக ஆண்டுகள் கொடுத்தும் நாம் எழுதியிராத விமரிசனம் அது. பூபதியைக் கெட்டவராகக் காட்டாமலே குற்றத்தைக் காட்டியிருக்கிறார் ராய் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எங்கோ பார்த்தபடி, "இங்கேயும் நாலு மணிக்கு ஒரு காய்கறி வண்டிக்காரன் வருவான். சிவப்புத் தலைப்பாகை. அவன் போனப்புறம் பழைய பேப்பர்க்காரன்" என்றார்.

நமக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நாம் மாலையில் வீடு திரும்பும்போதெல்லாம் அம்மா பால்கனியில் நின்றிருப்பார். காற்றுக்காக நிற்கிறார் என்று எண்ணியிருந்தோம். கையில் கோப்புடன், மறுநாள் தரவேண்டிய மொழிபெயர்ப்பை மனத்துக்குள் திருத்தியபடி அவரைக் கடந்து உள்ளே போயிருக்கிறோம். எத்தனை நாள் என்று கணக்கில்லை. பூபதியின் கையில் இருந்தது புத்தகம். நம் கையில் இருந்தது கோப்பு. வேறுபாடு அவ்வளவுதான்.

அன்றிரவு நாம் பெரிதாக எதையும் பேசிவிடவில்லை; பேசினால் அவர் மீண்டும் 'எனக்கென்ன குறை?' என்றுதான் சொல்லியிருப்பார். மறுநாள் முதல் வீடு திரும்பியதும் கோப்பைக் கீழே வைத்துவிட்டு, பால்கனியில் அவர் அருகில் சிறிது நேரம் நிற்பதென்று வழக்கப்படுத்திக்கொண்டோம். சிவப்புத் தலைப்பாகைக்காரரிடம் பேரம் பேச அம்மாவுக்கு எட்டு ஹிந்திச் சொற்கள் கற்றுக் கொடுத்தோம். அவர் அவற்றுள் மூன்றைத்தான் பயன்படுத்துகிறார். மீதிக்குக் கையே போதுமாம். வண்டிக்காரருக்கும் நன்றாகவே புரிகிறது.

நேயர்களே, தாயகத்தைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இந்தச் செய்தி இருவகையில் பயன்படும். சுற்றியிருப்பவர்களின் மொழி நமக்கு முழுமையாகத் தெரிவதில்லை. காதில் விழும் அரைகுறைச் சொல்லைக் கொண்டு அவர்களை எடைபோட்டுவிடுகிறோம். நம் மொழியையே பேசும் வீட்டாரிடமோ, சொல் தெளிவாகப் புரிவதனாலேயே முகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். அடுத்த முறை நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் ஒரு நல்ல படம் பார்க்க நேர்ந்தால், ஒரு பத்து நிமிடமாவது அடியில் ஓடும் வரிகளை விட்டுவிட்டுப் பாருங்கள். நடிகரின் கை என்ன செய்கிறது, காமிரா அவரை நெருங்குகிறதா விலகுகிறதா, ஒளி முகத்தில் விழுகிறதா முதுகில் விழுகிறதா என்று கவனியுங்கள்.

'சாருலதா'வின் முடிவில் கணவர் வீடு திரும்புகிறார். சாரு கையை நீட்டுகிறாள், அவரும் நீட்டுகிறார். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடுவதற்கு முன் படம் அசைவற்று நின்றுவிடுகிறது. தொட்டனவா இல்லையா என்பதை ராய் சொல்லவில்லை. திரையில் கைகள் அப்படியே நிற்கலாம். வீட்டில் நாம் நிற்க வேண்டியதில்லை.